சுமப்பவையும் மிதக்கவிடுபவையும்

வெள்ளிமலைக்குக் கீழே ஓர் ஓடை. ஐப்பசி மழை சற்றே விட்டிருக்கிறது. செம்மண் கலங்கல் வடிந்து, தண்ணீரின் அடியில் கல்லும் சருகும் தெரிகின்றன. சிறுவன் ஒருவன் முழங்கால் ஆழத்தில் நின்று கல்லைப் புரட்டுகிறான். கரையில் அவன் ஆயா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஓர் அலுமினியத் தூக்கு. உள்ளே நண்டுகள் ஒன்றையொன்று கீறும் சத்தம். ராத்திரிக்குச் சாறு வைக்க வேண்டும். பையனுக்குச் சளி. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தால் நெஞ்சு இளகிவிடும் என்று அவள் நம்புகிறாள்.

அடுத்த கல்லின் கீழே பெரிய நண்டு ஒன்று. பையன் அதன் முதுகோட்டைப் பின்பக்கமாக இரண்டு விரலால் பிடிக்கிறான். கொடுக்கு எட்டாத இடம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கிப் புரட்டுகிறான். வயிற்று மடிப்பு அகலமாக இருக்கிறது, பெண் நண்டு. மடிப்பின் ஓரத்தில் ஏதோ அசைகிறது. நகத்தால் மெல்ல நீக்கிப் பார்க்கிறான். உள்ளே பொடிப்பொடியாக நண்டுக் குஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் கால் இருக்கிறது, கொடுக்கு இருக்கிறது, முதுகோடு இருக்கிறது.

"ஆயா, குஞ்சு."

"விட்டுடுடா."

"பெருசா இருக்கு ஆயா."

"பெருசுதான். அது வயித்துல இருக்கறது அத்தனையும் ஒருநா பெருசாவும். விடு."

அவன் விடுகிறான். நண்டு பக்கவாட்டில் நகர்ந்து பாறையிடுக்கில் போய்ச் சேர்கிறது. எடுத்த கல்லை எடுத்த வாக்கிலேயே திரும்ப வைக்கச் சொல்கிறாள் ஆயா. அவன் வைக்கிறான்.

கல்வராயன் மலையில் இந்த ஓடைக்குக் கடல் தெரியாது. ஆனால் இந்தத் தண்ணீர் கடலுக்குத்தான் போகிறது. மலையில் பிறக்கும் கோமுகி, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சியைத் தொட்டு ஓடி, நல்லூர் பக்கம் மணிமுத்தாறோடு சேர்கிறது. மணிமுத்தாறும் இதே மலையின் பிள்ளைதான். அது விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலைச் சேர்கிறது. இந்த நீர்வழி நெடுக அடியில் வாழும் ஓட்டுயிரிகள் இருக்கின்றன. எது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்துக்கொண்டே போனால், பெரிய விடை ஒன்று கிடைக்கிறது. தாய் தன் குஞ்சை எப்படி உலகத்துக்குள் விடுகிறாள் என்பதைப் பொறுத்தே அந்த இனத்தின் எல்லை அமைகிறது.

மலை நண்டிலிருந்தே தொடங்கலாம். கடல் நண்டின் முட்டை பொரிந்தால் வருவது நண்டு அல்ல. தண்ணீரில் மிதந்து திரியும் நுண்ணிய இளவுயிரி. முள்ளும் பெரிய கண்ணுமாக அது பல பருவங்கள் கடந்துதான் நண்டாகும். நன்னீர் நண்டு அந்தப் பருவங்களை எல்லாம் முட்டைக்குள்ளேயே முடித்துவிடுகிறது. கடல் நண்டு லட்சக்கணக்கில் இடும். இது சில பத்துகள், மிஞ்சினால் சில நூறு முட்டைகள்தான் இடும். ஒவ்வொன்றும் பெரிது, சத்து நிறைந்தது. பொரிந்த குஞ்சுகளையும் உடனே விடாமல் மடிப்புக்குள் வைத்துச் சுமக்கும். அவை வெளியே வரும்போது நடக்கத் தெரிந்த முழு நண்டுகள். ஓடை எவ்வளவு வேகமாக ஓடினாலும் குஞ்சு அடித்துக்கொண்டு போகப்படுவதில்லை. ஆனால் கால் நடக்கும் தூரம்தான் அதற்கு உலகம். ஒரு மலையின் ஓடையிலிருந்து அடுத்த மலையின் ஓடைக்கு வறண்ட நிலத்தைத் தாண்டிப் போவது அதற்கு அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சின்னச் சின்ன வட்டத்துக்குள் மட்டும் வாழும் நன்னீர் நண்டு இனங்கள் பல இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

*

கள்ளக்குறிச்சியில் ஆற்றின் மேல் பாலம். கரும்பு ஏற்றிய லாரி ஒன்று தோகைகள் உரச மெதுவாகப் போகிறது. பின்னால் வரும் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. கீழே ஆற்றைப் பார்ப்பவர் யாருமில்லை. மழைக்காலத்தில்கூட நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் தண்ணீர். ஓரத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது. மணல் போன இடங்களில் களி தெரிகிறது.

ஆறு கடலுக்குக் கொண்டுபோவது தண்ணீரை மட்டுமா? மலைப்பாறை நொறுங்கி மணலாகி அதுவும் கூடவே போகிறது. கடலோரத்து அடிமட்ட உயிர்களுக்கு வீடு இந்த மணல்தான். பருமணல் இருக்கும் இடத்தில் ஒரு கூட்டம், பொடிமணலில் வேறு கூட்டம், சேற்றில் இன்னொரு கூட்டம். மணல் துகளின் பருமன் மாறினால் குடியிருப்பு மாறும். தண்ணீரில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் மாறும். மணல், நன்னீர் இரண்டும் மலையிலிருந்து வருகின்றன. நடுவில் அணைகள் இரண்டையும் பிடித்துவைக்கின்றன. ஆற்றில் அள்ளுபவர்கள் மணலை எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் எவ்வளவு என்பது பரங்கிப்பேட்டைக்குப் போனால் தெரியும்.

*

வெள்ளாற்று முகத்துவாரம். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. ஃபைபர் படகில் மூவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இங்கே கரையிலேயே இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த முகத்துவாரத்தின் அடியைத் துழாவி ஆராயும் மாணவர்களின் வரிசை இன்னும் அறுபடவில்லை. படகிலிருக்கும் இளைஞனும் இளம்பெண்ணும் அந்த வரிசையில் வருபவர்கள். மூன்றாமவர் படகோட்டி, வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

வான் வீன் கிராப் என்ற இரும்புக் கருவி கயிற்றில் தொங்குகிறது. இரண்டு தாடைகள். விட்டால் வாய் திறந்தபடி அடியில் போய் உட்காரும். இழுத்தால் ஒரு பிடி தரையைக் கவ்விக்கொண்டு மூடும். இளைஞன் கயிற்றை விடுகிறான். தண்ணீர் ஆழமில்லை, சீக்கிரமே கயிறு தளர்கிறது. இழுக்கிறான். தாடைக்குள் சேறு. மேலே ஒரு விரற்கடை பழுப்பு, அதற்குக் கீழே கருப்பு. கருப்பிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது. அந்தக் கருப்பில் பிராணவாயு இல்லை. உயிர்கள் பெரும்பாலும் மேலேயுள்ள பழுப்பில்தான் இருக்கும். ஆழத்தில் இருப்பவை மேலே வாய் வைத்த குழல் கட்டி வாழும்.

"அண்ணே, இன்னொரு தடவை இங்கேயே போட்டுக்கறேன்."

"போடுங்க தம்பி. வத்தம் இன்னும் ஆரம்பிக்கல. ஆனா சீக்கிரம் போடுங்க, மணல்மேட்டுல போட் தட்டிடும்."

முகத்துவாரத்தின் வாயில் மணல்மேடு எங்கே எழும்பியிருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. தண்ணீரின் சுருக்கம் அவருக்கு அதைச் சொல்லிவிடுகிறது.

இளம்பெண் அரை மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடையில் சேற்றைக் கொட்டி, அரிசி களைவதுபோல் ஆற்று நீரில் ஆட்டுகிறாள். சேறு கரைந்து இறங்குகிறது. தங்குவது கொஞ்சம்: சிப்பி ஓடுகள், மக்கிய இலை நரம்பு, புழுக்கள், அவற்றுக்கிடையே துடிக்கும் சில துளிகள். ஒரு துளி பக்கவாட்டில் படுத்தபடி வளைந்து நிமிர்ந்து துள்ளுகிறது. ஆம்பிபாட். நீளம் ஐந்து மில்லிமீட்டர் இருக்கலாம். உடல் இருபக்கமும் அமுங்கியது. இன்னொன்று மேலிருந்து அமுங்கித் தட்டையாக ஊர்கிறது, ஐசோபாட். முன்பக்கம் பருத்து, பின்பக்கம் நூலாய் மெலிந்து, சேற்றில் தலை மட்டும் தெரியப் புதைந்திருக்கும் குமேசியன் ஒன்று. கொடுக்குடன் குழலுக்குள் வாழும் டானெய்ட் ஒன்று. அவள் இவற்றை அகல வாய்ப் புட்டிக்கு மாற்றி ஃபார்மலின் ஊற்றுகிறாள். ரோஸ் பெங்கால் சாயம் ஒரு சொட்டு. இளஞ்சிவப்பேறினால் சேற்றிலிருந்து கண்ணுக்குப் பிரித்தெடுக்க எளிது. புட்டிக்குள் பென்சிலால் எழுதிய தாள் ஒன்றைப் போடுகிறாள்: நாள், நேரம், இடம், ஆழம், உப்பு.

இந்த நான்கு கூட்டத்துக்கும் ஒரு பொதுப் பண்பு உண்டு. பெண்ணின் மார்புப் பக்கத்துக் கால்களின் அடியிலிருந்து மெல்லிய தட்டுகள் கிளம்பி ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரு பை ஆகின்றன. முட்டை அந்தப் பைக்குள் போகிறது, அங்கேயே பொரிகிறது, குஞ்சு அங்கேயே வளர்கிறது. தாய் பைக்குள் புதுத் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். பெரும்பாலானவற்றில் ஒரு தடவைக்குச் சில பத்துக் குஞ்சுகள்தான். வெளியே வரும்போது அவை தாயின் உருவத்திலேயே, சிறியனவாக இருக்கும். மிதந்து திரியும் பருவம் கிடையாது. தாய் இருந்த சேற்றில்தான் குஞ்சும் இறங்குகிறது.

வெள்ளிமலை ஓடையில் அந்த நண்டு செய்ததும் இதைத்தான். இரண்டும் வெவ்வேறு வழியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

*

நுண்ணோக்கியின் கீழே ஒரு ஆம்பிபாட் கிடக்கிறது. ஊசிமுனையால் அதன் கால்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள் இளம்பெண். இனத்தைக் கண்டுபிடிக்கக் கொடுக்கின் விளிம்பில் எத்தனை பல், கடைசிக் காலில் எத்தனை முள் என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு நகல் திறந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு காலும் தனித்தனியாகக் கோட்டோவியமாக இருக்கிறது. 1959இல் கே. நாகப்பன் நாயர் சென்னைக் கடற்கரை ஆம்பிபாட்களைப் பற்றி எழுதி, சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது அது. 1960களில் டி. ஈ. சிவப்பிரகாசம் கிழக்குக் கரை ஆம்பிபாட்களைத் தொடர்ந்து பதிவுசெய்தார். அதற்கும் முன்னால், 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மேன் இலங்கையின் முத்துப் படுகைகளை ஆராய்ந்தபோது சேகரித்தவற்றில் ஆம்பிபாட்களை வாக்கர் 1904இலும், ஐசோபாட்களை ஸ்டெபிங் 1905இலும் விவரித்தார்கள். நம் கரையின் அடிமட்டச் சிற்றுயிர்களுக்கு இப்படிச் சிலர் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வரைந்த கால் ஒன்றைக் கொண்டுதான் இன்றைக்கு இந்தப் பெண் பெயர் சொல்கிறாள்.

கழிமுகச் சேற்றில் குழல் கட்டி வாழும் கிராண்டிடியரெல்லா என்ற பேரினத்தின் கதை எல்லை என்பதை நன்றாக விளக்கும். ஜைல்ஸ் விவரித்த இனத்துக்கு மேக்னா ஆற்றின் பெயர் வந்தது. 1921இல் சில்டன் ஒடிசாவின் சிலிகா ஏரியிலிருந்து இன்னொன்றை விவரித்து, அதற்கு ஜைல்ஸின் பெயரை வைத்தார். மேக்னா, சிலிகா, வெள்ளாறு எல்லாம் ஆறும் கடலும் கலக்கும் இடங்கள். இத்தகைய இடங்களுக்கு நடுவே நீண்ட திறந்த மணற்கரை. இந்தப் பேரினத்துக்கு ஏற்ற உப்புக் குறைந்த சேறு அங்கே கிடையாது. ஒரு முகத்துவாரம், பிறகு நீண்ட வெறுமை, பிறகு இன்னொரு முகத்துவாரம். சுமப்பவற்றின் வரைபடம் இப்படித் தீவு தீவாகத்தான் இருக்கும். மிதக்கும் பாசியோடோ, மரக்கட்டையோடோ, படகின் அடியில் ஒட்டியோ எப்போதாவது ஒன்று தாண்டிப் போகும்.

தெற்கே போனால் இந்தத் திட்டுகளின் இயல்பே மாறுகிறது. பாக் நீரிணை ஆழமற்றது, அலை குறைந்தது, கடற்புல் படர்ந்த சேற்றுத்தரை. பாம்பனைத் தாண்டினால் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை சூழ்ந்த 21 தீவுகள். சில கிலோமீட்டரில் தரை மாறுகிறது. தரையோடு குடிகளும் மாறுகின்றன.

*

முகத்துவாரத்துக்கு வடக்கே திறந்த கடற்கரை. அலை ஏறி, நுரைத்து, வடிகிறது. வடியும் தண்ணீர் மெல்லிய படலமாகும் நொடியில் ஈரமணலில் சின்னச் சின்னக் கூர்முனைக் கீறல்கள் தெரிகின்றன. ஒவ்வொரு கீறலுக்கும் அடியில் ஓர் எலிப்பூச்சி. கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகப் புதைந்து, இறகு போன்ற உணர்கொம்புகளை நீட்டி, வடியும் நீரிலிருந்து இரையை வடிகட்டுகிறது. இரண்டு பிள்ளைகள் குதிகாலால் மணலைத் தோண்டி அதைப் பிடிக்கிறார்கள். வழவழப்பான முட்டை வடிவ உடல் கையிலிருந்து நழுவி விழுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் மணலுக்குள் போய்விடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மறுபடி தோண்டுகிறார்கள்.

ஒன்றின் வயிற்றில் ஆரஞ்சு நிற முட்டைக் கொத்து. இதுவும் தாய்தான்; இதுவும் சுமக்கிறது. ஆனால் பொரியும் வரைதான். பொரிந்ததும் ஆயிரக்கணக்கான இளவுயிரிகளைக் கடலுக்கு ஒப்படைத்துவிடுகிறது. 1933இல் மேனன் சென்னைக் கடலின் பத்துக்கால் ஓட்டுயிரிகளின் இளம்பருவங்களை வரைந்து வெளியிட்டார். எலிப்பூச்சியின் இளவுயிரிகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து, பிறகு எங்கோ ஒரு கரையில் மணலில் இறங்குகின்றன. மாசி, பங்குனியில் கரையோர நீரோட்டம் வடக்கே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்புகிறது. குஞ்சு எந்தக் கரையில் இறங்கும் என்று தாய்க்குத் தெரியாது. அதனால் அலையடிக்கும் திறந்த மணற்கரை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் எலிப்பூச்சி இருக்க வழி உண்டு. சென்னையிலும் பரங்கிப்பேட்டையிலும் எமெரிட்டா ஏசியாட்டிகா என்ற ஒரே இனம் இருப்பதில் வியப்பில்லை. மேற்குக் கரையிலிருந்து 1965இல் சங்கொல்லி விவரித்த எமெரிட்டா ஹோல்துய்சி வேறு இனம்.

இந்த உயிருக்குள் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதன் இனப்பெருக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த டி. சுப்பிரமோனியம் 1981இல் ஒன்றை எழுதினார்: எமெரிட்டா ஏசியாட்டிகாவில் சிறியதாக இருக்கும்போது ஆணாக இருப்பது, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது.

அதே காலையில் பிச்சாவரம் பக்கத்துக் கழியில் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து போகிறார்கள். கைகள் சேற்றைத் தடவுகின்றன. அகப்பட்ட இறால், பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போகிறது. யாரும் பேசுவதில்லை; பேசினால் பறி நழுவிவிடும். அவர்கள் பிடிக்கும் வெள்ளை இறாலின் தாய் எதையும் சுமப்பதில்லை. கடலுக்குப் போய் முட்டைகளை லட்சக்கணக்கில் நீரில் அப்படியே விட்டுவிடுகிறது. குஞ்சுகள் தாமாகவே மிதந்து, வளர்ந்து, கழிமுகத்தைத் தேடி உள்ளே வருகின்றன.

ஆக, ஒரே நீர்வழியில் மூன்று விதத் தாய்கள். முழுக்கச் சுமப்பவள், பொரியும் வரை சுமப்பவள், சுமக்காதவள். மூவரின் எல்லைகளும் மூன்று விதம்.

*

இந்த வேறுபாடு ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியது அல்ல. இழப்பு வந்தால் யார் மீள்வார் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், நகரத்துக் கடற்கரையின் மணல் அரித்துப் போனது. கரைக்குப் பாறை கொட்டினார்கள். எலிப்பூச்சியால் பாறையில் வாழ முடியாது. பல ஆண்டுகள் கழித்து, 2018 வாக்கில் கடலடியில் செயற்கைத் திட்டு வைத்தபோது மணல் திரும்பச் சேர்ந்தது. இப்படி மணல் திரும்பும் இடத்தில் எலிப்பூச்சிக்கும் திரும்ப வாய்ப்பு உண்டு. கடலில் எப்போதும் அதன் குஞ்சுகள் மிதந்துகொண்டிருக்கின்றன. எங்கே மணல் கிடைத்தாலும் இறங்கும்.

சுமப்பவற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு முகத்துவாரத்தின் சேற்றை ஆழப்படுத்த வாரி எடுத்தால், அதோடு தாயும் குஞ்சும் சேர்ந்தே போகின்றன. கடலில் மிதக்கும் பதிலாட்கள் இல்லை. பக்கத்து முகத்துவாரத்திலிருந்து ஒன்று எப்போதாவது வந்து சேர்ந்தால்தான் உண்டு. இழுவைமடி தரையைச் சுரண்டிக்கொண்டு போகும்போதும் இதே கதை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. மீன்களை எண்ணிச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்த 61 நாளும் கடலடியும் சற்று மூச்சுவிடுகிறது.

மழைக்காலத்தில் வெள்ளாற்றில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத்து நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் கடலின் உப்பு அப்படியே உள்ளே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவைதான் இங்கே நிலைத்திருக்கின்றன. மலையிலிருந்து வெள்ளம் வராத ஆண்டுகள் கூடினால் உப்பு உள்ளே நிலைத்துவிடும். கடலோரத்தில் இருந்தவை ஆற்றுக்குள் ஏறும். கழிமுகத்துக்கே உரியவற்றுக்கு இடம் சுருங்கும். ஆகவே வெள்ளாற்று முகத்துவாரத்தில் எது எங்கே வாழ்கிறது என்ற வரைபடத்தில் கல்வராயன் மலைக்கும் கோமுகி அணைக்கும் இடம் உண்டு. கடற்கரையை மட்டும் வரைந்தால் அது பாதி வரைபடம்தான்.

பரங்கிப்பேட்டையில் அடுத்த மாதமும் அந்தப் படகு போகும். அதே இடங்களில் கிராப் இறங்கும். சில இடங்களில் சல்லடையில் ஒன்றுமே தங்காது. அந்தச் சுழியத்தையும் அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதுவாள். இருந்த இடத்தில் இல்லாமற்போனதை அறிய வேறு வழியில்லை. இப்படி அலுக்காமல் எழுதப்பட்ட பல ஆண்டுக் குறிப்பேடுகள்தான் நம் கரையைப் பற்றி நம்மிடம் இருக்கும் உண்மையான சொத்து. ஒரு முகத்துவாரத்தைத் தூர்வாரவோ, ஒரு கரைக்குச் சுவர் எழுப்பவோ முடிவெடுக்கும் மேசைக்கு அவை வர வேண்டும். அந்த மேசையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: இங்கே அடியில் இருப்பவை மிதக்கவிடுபவையா, சுமப்பவையா? மிதக்கவிடுபவை என்றால், செய்த தவற்றைத் திருத்தக் கடல் நமக்கு இன்னொரு வாய்ப்பைத் தரக்கூடும். சுமப்பவை என்றால், அந்த இடத்தில் கை வைப்பதற்கு முன்பே நிற்க வேண்டும்.